வாயில்லா ஜீவன்களுக்கும் ஒரு பங்கு

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் அகிலத்தார் அனைவருக்கும் அருட்கொடையாக வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



வாகனத்தில் அடிபட்ட நாய்கள், வீடு மாறியவர்கள் விட்டுச் சென்ற பூனைகள், கண் திறக்கும் முன்பே சாக்கில் கட்டி எறியப்பட்ட குட்டிகள் ஆகியவற்றை எடுத்துப் பராமரிக்கும் காப்பகங்கள் இன்று பல ஊர்களில் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டே நடக்கின்றன. அத்தகைய காப்பகத்திற்கு உதவி கேட்டு ஒருவர் நம் வாசலுக்கு வந்தால் நாம் என்ன பதில் சொல்கிறோம்? "நாய் நஜீஸ் ஆயிற்றே! நாங்கள் முஸ்லிம்கள்" என்று கூறிக் கதவைச் சாத்திவிடுகிறோம். இந்தப் பதில் நம் மார்க்கம் கற்றுத் தந்ததுதானா? இதையே இன்றைய ஜும்ஆவில் சிந்திக்க இருக்கிறோம்.

ஒரு பூனையும் ஒரு நாயும்

இரு பெண்களைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்திகள் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளன. முதல் பெண் ஒரு பூனையை அடைத்து வைத்தாள். அதற்குத் தீனியும் போடவில்லை. பூமியில் கிடைக்கும் புழு பூச்சிகளைத் தின்று பிழைத்துக்கொள்ளட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. பூனை இறந்தது. அதன் காரணமாக அவள் நரகத்திற்குரியவள் ஆனாள்.

இரண்டாமவள் பனூ இஸ்ராயீல் சமூகத்தைச் சேர்ந்தவள். ஒழுக்கம் தவறி வாழ்ந்தவள். கடும் வெயிலில் ஒரு நாய் தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டபடி கிணற்றைச் சுற்றி வருவதைக் கண்டாள். தன் காலணியைக் கழற்றித் தலைத்துணியில் கட்டிக் கிணற்றில் இறக்கி, நீர் எடுத்துப் புகட்டினாள். அதன் காரணமாக அவள் மன்னிக்கப்பட்டாள். இதே போன்று ஒரு மனிதர் கிணற்றுக்குள் இறங்கிக் காலுறையில் நீர் நிரப்பி, அதை வாயில் கவ்வியபடி மேலேறி வந்து நாயின் தாகம் தணித்த செய்தியும் உண்டு. அதைக் கேட்ட தோழர்கள், பிராணிகள் விஷயத்திலும் நமக்குக் கூலி உண்டா என வினவினார்கள். உயிருள்ள ஒவ்வொன்றின் விஷயத்திலும் கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மன்னிப்புக்குக் காரணமாக அமைந்தது பூனையன்று, நாய். நாம் எந்தப் பிராணியைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்துகிறோமோ, அந்தப் பிராணியின் தாகத்தைத் தணித்தவளுக்கே அருளின் வாசல் திறக்கப்பட்டது.

நஜீஸ் என்ற சட்டம்

நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும் என்பதும், ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதுமே நஜீஸ் என்பதும், ஹனஃபி மத்ஹபில் அதன் எச்சில் நஜீஸ் என்பதும், மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் சுத்தமானது என்பதும் உலமாக்கள் அறிந்தவையே. வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகியவற்றின் காவலுக்கு நாய் வளர்க்க அனுமதி உண்டு. தேவையின்றி வளர்ப்பவருக்கு நன்மை குறையும் என்ற எச்சரிக்கையும் உண்டு. இவை அனைத்தையும் ஏற்றுக்கொள்கிறோம்.

ஆயினும், கழுவுதலைப் பற்றிய சட்டம் கழுவுதலுக்கு மட்டுமே உரியது. பட்டினி போடவும், கல்லால் அடிக்கவும், காயத்தோடு துடிப்பதைப் பார்த்துக்கொண்டே கடந்து செல்லவும் அது அனுமதி வழங்கவில்லை. நாய்க்கு நீர் புகட்டிய காலணியைப் பிறகு கழுவிக்கொள்ளலாம். தாகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ள முடியாது.

ஃபிக்ஹு நூல்கள் இதைத் தெளிவாகவே பேசுகின்றன. கையிலிருக்கும் நீர் உளூவுக்கு மட்டுமே போதும். பக்கத்தில் காக்கப்பட வேண்டிய ஓர் உயிர் தாகத்தால் தவிக்கிறது என்றால், நீரை அந்தப் பிராணிக்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்து தொழ வேண்டும் என்கின்றனர் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள். வெறித்துக் கடிக்கும் நாய் போன்ற சிலவற்றை விதிவிலக்காகக் குறிப்பிட்ட அவர்கள், நாய் என்ற இனத்தையே விலக்கிவிடவில்லை. தொழுகைக்கான நீரையே விட்டுக்கொடுக்கச் சொல்லும் மார்க்கம், நம் செலவில் ஒரு சிறு தொகையை விட்டுக்கொடுக்கத் தடை சொல்லுமா?

பூனையின் நிலை இன்னும் எளிது. அபூகதாதா (ரலி) அவர்கள் உளூவுக்கு வைத்திருந்த பாத்திரத்தைப் பூனை குடிப்பதற்காகச் சாய்த்துப் பிடித்தார்கள். பூனை அசுத்தமன்று, அது நம்மிடையே சுற்றி வரும் பிராணி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை, வியப்புடன் பார்த்த தம் மருமகளுக்கு எடுத்துரைத்தார்கள். பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயம் (6:38) அறிவிக்கிறது. குகைவாசிகளின் வரலாற்றில் அவர்களுடைய நாயும் இடம்பெறுகிறது (18:18).

எனவே, வீட்டில் நாய் வளர்ப்பதைத் தவிர்க்கும் குடும்பத்திற்கு, அதன் மீதான கருணையை நிறைவேற்றத் தகுந்த வழி காப்பகமே. தொழுமிடத்தின் தூய்மையும் காக்கப்படுகிறது, உயிரும் காக்கப்படுகிறது.

படை ஒதுங்கிச் சென்ற வழி

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா நோக்கிப் பெரும்படை சென்றபோது நிகழ்ந்த ஒன்றை வரலாற்றாசிரியர் வாகிதி பதிவு செய்துள்ளார். அல்அர்ஜ் என்னுமிடத்தைக் கடந்த பின், குட்டிகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நாயை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். படையினர் எவரும் தாயையோ குட்டிகளையோ தொந்தரவு செய்துவிடாதபடி ஜுஐல் பின் சுராகா (ரலி) அவர்களை அங்கே காவல் நிறுத்தினார்கள். ஒரு நாய்க்காக ஒரு மனிதரின் நேரம் ஒதுக்கப்பட்டது. காப்பகம் என்பதன் பொருள் இதைவிட வேறென்ன?

நம் முன்னோர் நடத்திய அறம்

திமிஷ்கில் பிறந்து, கி.பி. 1262-இல் கெய்ரோவில் மறைந்த பேரறிஞர் இஸ்ஸுத்தீன் பின் அப்துஸ் ஸலாம் (ரஹ்), மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தி எழுதினார்கள். முதுமையாலும் நோயாலும் பயன்படாமல் போன பிராணிக்கும் உணவளிக்க வேண்டும், சக்திக்கு மீறிச் சுமை ஏற்றக்கூடாது, ஒன்றையொன்று காயப்படுத்தும் பிராணிகளைச் சேர்த்து அடைக்கக்கூடாது என்பன அவற்றுள் சில. தன் பிராணிக்குத் தீனி போடாதவனைக் காஜி கட்டாயப்படுத்தலாம் என்பதும் ஃபிக்ஹுச் சட்டமாகும்.

அவர்கள் மறைந்த காலத்தில் எகிப்தை ஆண்டவர் சுல்தான் பைபர்ஸ் (கி.பி. 1260 - 1277). கெய்ரோவின் பூனைகளுக்காக அவர் ஒரு தோட்டத்தையே வக்ஃப் செய்தார். காலப்போக்கில் அத்தோட்டம் பலமுறை கைமாறி, வருமானம் மிகவும் சுருங்கிப்போனது. ஆயினும் பூனைகளுக்கு உணவிடும் வழக்கம் நின்றுவிடவில்லை. மிஞ்சிய இறைச்சி பிற்பகல்தோறும் காஜியின் நீதிமன்ற முற்றத்திற்கு வந்து சேர்ந்ததையும், செலவின் பெரும்பகுதியைக் காஜியே ஏற்றதையும் 1830-களில் அங்கு வாழ்ந்த ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட் லேன் எழுதி வைத்துள்ளார். சொத்து கரைந்தது, கடமையைக் கரைய விடவில்லை அந்தச் சமுதாயம்.

அலெப்போவின் சாட்சி

இது பழைய கதை என்று எண்ண வேண்டாம். இஸ்ஸுத்தீன் (ரஹ்) பிறந்த அதே சிரியாவில், நம் காலத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. 2012-இல் போர் அலெப்போ நகரை எட்டியது. தொழிலால் மின்பணியாளரான முஹம்மத் அலா அல்ஜலீல் என்னும் சகோதரர் ஆம்புலன்ஸ் ஓட்டத் தொடங்கினார். குண்டுவீச்சில் காயமடைந்தோரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்த அவர், உயிர் தப்பி ஓடிய அண்டை வீட்டார் விட்டுச் சென்ற பூனைகளுக்கும் உணவளித்தார். அவற்றின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அதன் விளைவாக எழுந்ததே 'எர்னஸ்டோ' என்னும் பெயருடைய காப்பகம். 2016-ஆம் ஆண்டின் இறுதியில் அது குண்டுவீச்சுக்கு இலக்காகி அழிந்தது.

அவர் கைவிடவில்லை. 2017-இல் அலெப்போவுக்கு மேற்கே கஃப்ர் நாஹாவில் மீண்டும் தொடங்கினார். பூனைகளோடு நாய்களும் அங்கு அடைக்கலம் பெற்றன. கால்நடை மருத்துவமனையும் அமைந்தது. 2020-இல் போர்முனை நெருங்கவே, பிராணிகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு இத்லிப் பகுதிக்கு இடம்பெயர நேர்ந்தது. 2023 பிப்ரவரியில் பூகம்பம் தாக்கியபோது, இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட பிராணிகளும் அங்கே பராமரிக்கப்பட்டன. பல நாடுகளிலிருந்து சாதாரண மக்கள் அனுப்பிய சிறு சிறு தொகைகளே இப்பணியைத் தாங்கி நின்றன.

மனிதர்கள் பசித்திருக்கும்போது பிராணிகளுக்குச் செலவா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். நம் பொறுப்பிலுள்ள குடும்பத்தாரும் ஏழை உறவினரும் அண்டை வீட்டாரும் முதலில் வருவர், இதில் ஐயமில்லை. ஆனால் அலெப்போவின் அந்தச் சகோதரரைப் பாருங்கள். பூனைக்கு உணவிட்ட அதே கைகளே காயமடைந்த மனிதரையும் தூக்கிச் சென்றன. காப்பகத்தோடு குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடலும் அமைத்தார். கருணை பங்கிட்டால் குறைந்துபோகும் பண்டமன்று. அந்தக் கேள்வியைக் கேட்கும் நாம் மனிதர்களுக்காவது கொடுத்திருக்கிறோமா என்று நம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்வோம்.

எதிலிருந்து கொடுப்பது? எப்படிக் கொடுப்பது?

சகோதரர்களே! ஜகாத்திற்குரிய எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் (9:60) வரையறுத்துள்ளது. ஆகவே, காப்பகத்திற்கு ஜகாத் பணத்தைக் கொடுக்க வேண்டாம். ஸதகாவிலிருந்து கொடுங்கள். வசதியுள்ளோர் வக்ஃப் செய்யலாம்.

கொடுப்பதை மாதந்தோறும் கொடுங்கள். ஒரு நாள் பெருந்தொகை தந்துவிட்டு மறந்துவிடுவதால், அடைபட்டிருக்கும் உயிர் அடுத்த மாதம் என்ன தின்னும்? நற்செயல்களில் சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பதை நாம் அறிவோம்.

கொடுக்குமுன் நேரில் சென்று பாருங்கள். இடத்திற்கு மிஞ்சிய பிராணிகளை நெருக்கி வைத்துள்ளனரா? நல்ல தண்ணீர் இருக்கிறதா? தடுப்பூசி போடுகின்றனரா? கணக்கு காட்டுகின்றனரா? தீனியின்றி அடைத்து வைக்கும் இடம் காப்பகமாகாது. பூனையை அடைத்த அந்தப் பெண்ணின் வீடே ஆகும். அவளுடைய குற்றம் இரு வாசல்களையும் அடைத்ததுதான். உணவு தேடும் சுதந்திரத்தைப் பறித்தவர் உணவளிக்கும் பொறுப்பைச் சுமக்கிறார். நல்ல காப்பகம் அந்தப் பொறுப்பை ஊருக்காகச் சுமக்கிறது. அது தனித்துச் சுமக்க முடியாமல் தளரும்போது நாம் பார்த்துக்கொண்டிருக்கலாகாது.

இறைச்சிக் கடை நடத்தும் சகோதரர்கள் கெய்ரோவின் அந்த வழக்கத்தை நினைத்துப் பார்க்கட்டும். மிஞ்சும் இறைச்சியை அன்றன்றே காப்பகத்திற்குக் கொடுக்கலாம். பச்சை ஈரல், நுரையீரலை நாய்களுக்கு எறியாதீர்கள். நாடாப்புழு பரவி மனிதருக்கும் நோய் வரும். நன்கு வேகவைத்துக் கொடுக்க வேண்டும். வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும் என்பதால் அதை நீக்கிவிட வேண்டும். பணமில்லாதோர் பழைய போர்வை, பாத்திரம் தரலாம்; விடுமுறை நாளில் உடலுழைப்பும் தரலாம்.

பிள்ளைகளை நாய் கடித்துவிடுமோ என்ற பெற்றோரின் அச்சம் இயல்பானதே. வெறிநோய் கொடியது. கடிபட்டால் உடனே பதினைந்து நிமிடங்கள் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, தாமதமின்றி மருத்துவமனை சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுப் பராமரிக்கும் காப்பகம் அந்த நோய் பரவாமலும் தடுக்கிறது. அதற்கு உதவுவது நம் பிள்ளைகளையும் காப்பதாகும்.

தாய்மார்களே! உங்கள் பிள்ளை தெருநாயின் மீது கல்லெறியக் குனிந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலணியில் நீர் எடுத்த அந்தப் பெண்ணின் வரலாற்றைச் சொல்லிக் கொடுங்கள். உண்டியல் காசை எண்ணும் நாளில் வாயில்லா ஜீவன்களுக்கென ஒரு பங்கைப் பிள்ளையின் கையாலேயே எடுத்து வைக்கச் செய்யுங்கள்.

அடுத்த முறை காப்பகத்திலிருந்து ஒருவர் வாசலுக்கு வரும்போது, நாங்கள் முஸ்லிம்கள் என்ற அதே சொல்லைச் சொல்லுங்கள், சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

யா அல்லாஹ்! உன் படைப்பினங்கள் மீது இரக்கம் கொள்ளும் நெஞ்சை எங்களுக்குத் தந்தருள்வாயாக! எங்கள் பொறுப்பில் உள்ள எந்த உயிரும் மறுமையில் எங்களுக்கு எதிராக முறையிடாதபடி காத்தருள்வாயாக! எங்கள் சிறு தர்மங்களை ஏற்று, எங்கள் பெரும் பிழைகளை மன்னித்தருள்வாயாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.