உலைக்கு முன் ஒரு பிடி

எட்டயபுரம் என்றதும் இந்த அரங்கில் எல்லோருக்கும் பாரதியார்தான் நினைவுக்கு வருவார். 1956-இல் காமராசர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவைத் தொடங்கி வைத்ததும் அதே ஊரில்தான். அந்தச் சோற்றுக்கு அரசு ஒரு பங்கு போட்டது; ஊரார் ஒரு பங்கு போட்டார்கள்.

காமராசர் படித்த பள்ளியே ஊரார் பங்கில் வளர்ந்ததுதான். விருதுபட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில், 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீடு வீடாகப் பிடி அரிசி போனது. உலைக்கு அளந்த அரிசியைக் களைவதற்கு முன், அதில் ஒரு பிடி தனிக் கலயத்துக்குப் போகும். சாப்பிட்டு மிஞ்சினால் பார்ப்போம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. முதல் பிடியே பள்ளிக்கூடத்துக்கு!

கடைவீதியில் இதற்குப் பெயர் மகமை. கோவில்பட்டி, விருதுநகர், சிவகாசிப் பக்கம் பருத்திப் பொதியோ வத்தல் மூட்டையோ கைமாறினால், மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைப்பார்கள். கோயிலுக்குள் விடப்படாத நாடார் சமூகம், அந்தக் காசில் பேட்டை, கிணறு, கோயில், பள்ளி எல்லாம் கட்டிக்கொண்டது. நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியபோது மகமையும் கூடவே போனது. போன இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழும்பியது.

பைபிளின் தசமபாகம் பத்தில் ஒன்று. இஸ்லாத்தின் ஜகாத் சேமிப்பில் நாற்பதில் ஒன்று. மகமையோ ஊருக்கு ஊர், சரக்குக்குச் சரக்கு மாறும்.

அப்பா அம்மாக்களே, தமிழ்ப் பள்ளிக்கு வருஷம் தவறாமல் நன்கொடை தருகிறீர்கள், பெரிய மனசு. ஆனால் அது பிள்ளையின் கண்ணில் படுகிறதா? அன்று அம்மா ஒரு பிடி அள்ளியதை, இடுப்பிலிருந்த குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது.

நேரமும் அப்படித்தான். வீட்டுப்பாடம், நீச்சல், பியானோ எல்லாம் முடிந்து மிஞ்சுவது தமிழுக்கு என்றால், மிஞ்சவே மிஞ்சாது. ராத்திரிச் சாப்பாட்டின் முதல் பத்து நிமிஷத்தைத் தமிழுக்கு எடுத்து வையுங்கள். "அம்மா, இன்னொரு தோசை" என்று பிள்ளை வாய்விட்டுக் கேட்கட்டும். கேட்கும் வரை தோசை கல்லிலேயே இருக்கட்டும்!

வாசலில், பதிவு மேசைக்குப் பக்கத்தில் ஒரு மண் கலயம் இருக்கிறது. கிளம்பும்போது காசைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்பார்கள். வீடு போய்ச் சேருவதற்குள் காரிலேயே விருதுபட்டிக் கதையைச் சொல்லிவிடுங்கள், தமிழில்.