பழைய வண்டியும் பழகிய கையும்

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உயர்ந்த தத்துவங்களை எடுத்துரைக்க இச்சபையில் மூத்தோர் பலர் உளர். இளையோராகிய நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சாதாரணமானது. மலைப்பாதைக்கென ஆக்கப்பட்டு, இப்பொழுது நம்மூரில் மலிவு விலைக்குக் கிடைக்கும் பழைய கியர் சைக்கிளைப் பற்றியே பேச வந்துள்ளோம்.

மலையே இல்லாத செங்கலடியில் மலைச் சைக்கிள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பதுளை வீதி நம் சந்தியில் வந்து முடிகிறதேயன்றி மலை இங்கு வரவில்லை. ஆயினும் படுவான்கரையின் கிறவல் பாதையையும், மணலையும், வயல் வரம்பையும் எண்ணிப் பாருங்கள். அகன்ற ரயரும் உறுதியான சட்டமும் வேண்டுவோர் நாமேயன்றோ?

இவ்வண்டியின் பிறப்பும் கேட்கத்தக்கது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்ணியாவில், தமல்பாயிஸ் மலையடிவாரத்து இளைஞர் சிலர், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்டுப் பிறர் கழித்துவிட்ட பாரமான சைக்கிள்களை அற்ப விலைக்கு வாங்கினர். அவற்றைத் திருத்தி மலையிலிருந்து ஓட்டி இறங்கினர். இறங்கும்போது பின்சில்லின் பிறேக் கொதித்து, உள்ளிருந்த கிறீஸ் புகைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்ததால், 1976இல் தொடங்கிய அவர்களது போட்டிக்கே ‘மறுபடி அடைத்தல்’ என்னும் பொருள்பட ‘றீபக்’ என்று பெயரிட்டனர். 1977இல் ஜோ பிறீஸ் என்பவர் இத்தகைய ஓட்டத்துக்கென்றே புதிய சட்டத்தை அமைத்தார். 1996இல் இவ்விளையாட்டு ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. கழிவுப் பொருளையும் கைத்திறனையும் முதலாகக் கொண்டே இத்தனையும் நிகழ்ந்தன.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயிலும் நாம் மூவர் கூட்டாக, ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டியொன்றை 12,000 ரூபாவுக்கு வாங்கினோம். ரயர், ரியூப், செயின், பிறேக் கட்டை ஆகியவற்றுக்கு அவ்விலையில் பாதிக்குமேல் மீண்டும் செலவாயிற்று. ஆகவே வாங்கும் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று எண்ணவேண்டாம். திருத்தும் செலவையும் கூட்டியே கணக்கிடவேண்டும்.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை நான்கு. முதலாவது, சட்டம். முன்கழுத்தின் பொருத்துகளில் வெடிப்பிருந்தால் வாங்கவே கூடாது. சட்டத்தில் பொறித்த இலக்கம் அராவப்பட்டிருந்தால் அது களவு வண்டியாகவும் இருக்கலாம். இரண்டாவது, சீற்றைத் தாங்கும் குழாய். வாவிக் காற்றின் உப்பினால் அது சட்டத்தோடு இறுகியிருந்தால் கழற்றுவது பெரும்பாடு. மூன்றாவது, சில்லின் அளவு. 26 அங்குலம் என்பதெல்லாம் ஒன்றல்ல. 26 × 1.95 என்று எழுதிய ரயர் 559 மி.மீ. விளிம்புக்குரியது, 26 × 1 3/8 என்பது 590 மி.மீ. விளிம்புக்குரியது. ஒன்று மற்றதில் ஏறாது. நான்காவது, செயின். அடிமட்டத்தை ஓர் ஆணியின் நடுவில் வைத்தால், அதிலிருந்து இருபத்துநான்காவது ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கவேண்டும். 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றவேண்டும். 1/8 அங்குலம் நீண்டிருந்தால் பற்சில்லுகளும் தேய்ந்திருக்கும்.

திருத்தும் வேலை பொறுமைக்குரியது. அச்சைக் கழற்றி, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, புதிய கிறீஸில் பதிக்கவேண்டும். பின்சில்லில் பெரும்பாலும் பக்கத்துக்கு 9 கால் அங்குலக் குண்டுகள் இருக்கும். முன்சில்லில் பக்கத்துக்குப் பத்து, அவை 3/16 அங்குலம். இடப்பக்கப் பெடலின் புரி எதிர்ப்புரி. கடிகார முள் செல்லும் திசையில் திருப்பினாலே அது கழலும். இதை அறியாதவர் பலத்தைக் காட்டிப் புரியைக் கெடுத்துவிடுவர். மிஷன் பாடசாலையில் எமக்கு மரவேலை கற்பித்த ஆசிரியர், ஆயுதங்களைத் துடைத்து வைத்தபின்பே வீடு செல்ல விடுவார். அப்பழக்கம் இவ்வேலையில் எமக்குப் பெரிதும் கைகொடுத்தது.

ஆயுத பூசையன்று நாம் சைக்கிளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். மற்ற நாட்களில் அதன் செயினுக்கு ஒரு துளி எண்ணெய் விடுகிறோமா? பூசை செய்த பொருளைத் துருப்பிடிக்க விடுவது எவ்வகைப் பக்தி?

1990களில் எரிபொருளும் மின்சாரமும் இல்லாத யாழ்ப்பாணத்தில், மக்கள் சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதைப் பெரியோர் அறிவீர்கள். 2022 ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. பின்னர் அட்டை முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரே கிடைத்தது. அப்பொழுது கொல்லைப்புறத்தில் மக்கிக் கிடந்த சைக்கிள்களை நாம் எல்லோரும் தேடினோம். வண்டி இருந்தது, திருத்தத் தெரிந்த கைதான் போதவில்லை. வரிசையில் நின்ற அந்த நாட்களை மறந்து, இன்று மீண்டும் தவணைப் பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்குவதையே பெருமையெனக் கருதுகிறோம். சைக்கிளில் வருபவனை ஒருபடி தாழ்த்திப் பார்க்கிறோம். விறகும் மீனும் தயிரும் சைக்கிளில் சுமந்து பிள்ளைகளைப் படிப்பித்த தந்தையர் வாழும் மண்ணில் இந்த எண்ணம் தகுமா?

ஆதலால் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். மண்டபத்தின் ஒரு மூலையில் ஓர் ஆயுதப்பெட்டி வைப்போம். நம் கடைத்தெருவில் வாழ்நாளெல்லாம் சைக்கிள் திருத்திய முதியோரை உரிய வேதனத்துடனும் மரியாதையுடனும் ஆசிரியராக அழைப்போம். வீடுகளில் கிடக்கும் பழைய வண்டிகளைச் சேர்த்துத் திருத்தி, உள்ளூர்க் கிராமங்களிலிருந்து நெடுந்தூரம் நடந்து பாடசாலைக்கு வரும் மாணவருக்குக் கொடுப்போம். ஒவ்வொன்றிலும் விளக்கும் பின்புற ஒளிதெறிப்பியும் இருக்கட்டும். யானை நடமாடும் வீதியில், பொழுது சாயுமுன் அவர்கள் வீடு சேரவேண்டும்.

பெரியோர் இடமும் இசைவும் தந்தால், இளையோராகிய நாம் உழைப்பைத் தருவோம்.