கதவின் வண்ணமும் குழந்தையின் நலமும்



பொங்கல் நெருங்கினால் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் நம் வழக்கம். கதவில் பளபளக்கும் வண்ணத்தை மட்டும் ஆராய்ந்தே வாங்கவேண்டும். அதில் காரீயம் கலந்திருக்கக்கூடும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தாலானது. நான் கூறுவது அதுவன்று.

கண்ணைப் பறிக்கும் மஞ்சளைத் தருவது காரீயக் குரோமேட்டு. இரும்பு துருப்பிடியாதிருக்கப் பூசும் செந்நிறப் பூச்சிலும் காரீயம் உண்டு. பூச்சு நாளடைவில் உரிந்து தூளாகும். தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குள் செல்லும். உட்சென்ற காரீயத்தைப் பெரியவரைவிட நான்கைந்து மடங்கு மிகுதியாகக் குழந்தையின் உடல் ஏற்கிறது. அதனால் மூளை வளர்ச்சி குன்றும். தீங்கற்ற அளவென ஒன்று அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து.

நம் நாட்டில் 2016இல் வகுத்த விதிகள் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. வீட்டு வண்ணத்தில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது; டப்பாவின் மேலும் அதனைக் குறிக்கவேண்டும். தொழிற்சாலைப் பூச்சுகள் இவ்விதியில் அடங்கா. எங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்தது. வேலைத்தலத்தில் எஞ்சிய பூச்சைக் கொணர்ந்து தொட்டிலுக்கும் கதவுக்கும் பூசுதல் ஆகாது.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது? வண்ணத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி உலர்த்திச் சுரண்டுவர். அத்தூளை அமிலத்திற் கரைத்துக் கருவியால் அளப்பர். கரைசலில் காட்மியம், குரோமியம் ஆகியவற்றையும் அறியலாம். சுவரைச் சுரண்டாமலே எக்ஸ் கதிரால் காட்டும் கைக்கருவியும் உண்டு.

என் பிழையொன்றையும் சொல்லவேண்டும். தலைமையாசிரியனாயிருந்தபோது, ஆண்டுவிழாவுக்கு முன் பழைய சன்னல்களை உப்புத்தாளால் தேய்க்கும்படி மாணவரைப் பணித்தேன். தலையெல்லாம் மஞ்சள் தூளாக நின்ற அச்சிறுவரைக் கண்டு மகிழ்ந்து பாராட்டினேன். அத்தூளில் என்ன இருந்ததென நான் சோதிக்கவில்லை. சோதிக்கவேண்டுமென்ற அறிவும் அன்று எனக்கில்லை. இன்றும் அது மனத்தை உறுத்துகிறது.

ஆதலின், பழம்பூச்சை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நீரால் நனைத்தே தேய்க்கவேண்டும். அவ்வேளையில் குழந்தைகளும் கருவுற்ற மகளிரும் அங்கிருத்தல் கூடாது. முடிந்ததும் தரையை ஈரத்துணியால் துடையுங்கள். உரியாத பூச்சை அவ்வாறே விட்டு, அதன்மேல் நல்ல வண்ணம் பூசலாம். கடையில் நிறத்தைத் தேர்வதற்குமுன் டப்பாவின் எழுத்தைப் படியுங்கள். அதைப் படிக்கும் சில நொடிகள் உங்கள் குழந்தைக்குச் செய்யும் பேருதவியாகும்.