மண்ணின் வளமா, மக்களின் வலிவா?



நிலத்துள் பொன்னும் எண்ணெயும் இருந்தால் நாடு செழிக்கும் என்பர் சிலர். அங்ஙனமாயின், வயிரமும் செம்பும் நிறைந்த கொங்கோ வறுமையுள் கிடப்பானேன்? கனிவளம் குன்றிய தென்கொரியா உயர்ந்தது எங்ஙனம்?

1910 முதல் 1945 வரை கொரியர் சப்பானியர்க்கு அடிமைகள். 1938க்குப் பின் அவர்தம் மொழி பள்ளிகளினின்றே விரட்டப்பட்டது. விடுதலையுற்றபோது பெரும்பாலோர் எழுத்தறியார். ஆயினும், 1446இல் சேசோங் மன்னர் வெளியிட்ட எழுத்தையே மீண்டும் கையிலெடுத்தனர். உழவன் மகனும் தாய்மொழியிலேயே அறிவியல் கற்றான். 1950இல் தென்கொரிய அரசு, ஏறத்தாழ 7 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களை நிலக்கிழாரிடமிருந்து பெற்று உழுதோர்க்கு வழங்கியது. வாரம் அளந்தே மெலிந்த குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுக்க வலுப்பெற்றன.

எஃகாலைக்குக் கடன் கேட்டபோது, அஃது ஆகாதென உலக வைப்பகம் 1969இல் கைவிரித்தது. கொரியர் சோர்ந்தாரல்லர். சப்பானிடமிருந்து பெற்ற இழப்பீட்டுப் பொருளைக் கொண்டே போகாங்கில் ஆலை எழுப்பினர். 1973இல் இரும்பு உருகி ஓடிற்று.

மொழி ஒன்றே போதுமோ? போதாது. அமெரிக்கர் தந்த பொருளும் துணைநின்றது, மறைப்பதற்கில்லை. வடகொரியர்க்கும் அதே மொழிதான். 1946இல் அவர்களும் நிலம் பகிர்ந்தவர்களே. ஆனால், 1958க்குள் அந்நிலம் கூட்டுப்பண்ணைக்குள் போயிற்று. ஆள்வோரை எதிர்த்து வாய்திறக்க அங்கு வழியில்லை. தெற்கிலும் படையாட்சி மக்கள் வாயை அடைத்தது மெய்யே. 1987இல் அம்மக்கள் தெருவிலிறங்கித் தேர்தல் உரிமையை மீட்டனர்.