பல பணியும் ஒரு நெறியும்

(இந்து இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மன்றத்து அன்பர்கள் நம்மை அழைத்தபோது, "உழைத்து ஓய்ந்தவர்களின் அநுபவத்தை இளைஞர்க்குக் கூறுங்கள்" என்று பணித்தார்கள். நம் சொந்த அநுபவம் அத்துணைப் பெரிதன்று. ஆதலால், நம்மிற் பன்மடங்கு உயர்ந்த ஒருவருடைய உழைப்பை முன்வைத்துப் பேசுவதே முறை எனத் துணிந்தோம். அப்பெரியாரைத் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. மாவடிப்பள்ளி வயல்வெளியில் நின்று கிழக்கே நோக்கினால் தென்னஞ்சோலைகளுக்கு இடையே தோன்றும் காரைதீவே அவர் பிறந்த ஊர். சுவாமி விபுலாநந்தர் என்றால் அறியாதார் இங்கு எவருமிலர். ஆயினும் நாம் அவரைத் துறவியாக அறிவோம், தமிழறிஞராக அறிவோம். உத்தியோகம் பார்த்த ஒரு மனிதராக எண்ணிப் பார்த்தவர் நம்மிற் சிலரே. இன்று அக்கண்கொண்டு நோக்குவோம்.

நம் பகுதியிலே ஓர் இளைஞன் படித்து முடித்தவுடன் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி எது? "அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டதா?" என்பதே. கிடைத்தவன் அதனை விட்டு வேறொன்றிற்குப் போக நினைத்தால், "இவன் ஓரிடத்தில் நிலைக்கமாட்டான்" என்று ஊர் சொல்லும். நாமும் அவ்வாறு சொன்னவர்களே. இதனைப் பின்னர்க் கூறுவோம். முதலில், அவ்வூர்ச் சொல்லால் சுவாமிகளை அளந்து பார்ப்போம்.

1892 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27 ஆந் தேதி பிறந்த மயில்வாகனம், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்று, 1908 இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். உடனே ஆசிரியரானார். 1911 இல் கொழும்பு ஆசிரிய கலாசாலைக்குச் சென்று பயிற்சி பெற்றார். மீண்டும் ஆசிரியத் தொழில். அதன்பின் தொழில்நுட்பக் கல்லூரிக்குச் சென்று 1916 இல் இரசாயனத்தில் டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். கற்பித்துக்கொண்டே கற்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியுமானார். 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டே.

ஊர் சொல்லின்படி இனி அவர் நிலைத்திருக்க வேண்டும். நல்ல பதவி, நல்ல பெயர், நல்ல ஊதியம்! ஆனால் 1922 இல் அதனை விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். அங்கே பிரபோத சைதன்யர் என்ற பெயரோடு 'இராமகிருஷ்ண விஜயம்', 'வேதாந்த கேசரி' என்னும் பத்திரிகைகளின் பணியை மேற்கொண்டார். 1924 இல் சிவாநந்த சுவாமிகளிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தரானார். 1925 இல் இலங்கை திரும்பிப் பாடசாலைகளை நிருவகித்தார். 1931 இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். இரண்டாண்டில் அதனையும் விட்டார். 1936 இல் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டின் தலைவர். 1937 இல் கயிலை யாத்திரை. 1940, 1941 ஆம் ஆண்டுகளிலே இமயத்தின் மாயாவதி ஆசிரமத்திலிருந்து 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கில மாத வெளியீட்டின் ஆசிரியர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1947 யூலை 19 இல் மறைந்தார், ஐம்பத்தைந்தே வயது.

சபையோர்களே! எத்தனை ஊர்கள், எத்தனை தொழில்கள்! நிலைக்காத மனிதர் என்று இவரைச் சொல்லலாமா? இவ்வினாவை நாம் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஒரு தொழிலை விட்டு மற்றொன்றைப் பற்றுகிறவனுக்கு முன்னைய உழைப்பெல்லாம் வீண் என்பது நம் பெரியோர்களின் உள்ளத்தில் ஊறிய அச்சம். அவ்வச்சம் உண்மைதானா என்று ஆராய வேண்டும்.

அதற்கு விடை 'யாழ் நூல்' என்போம். பதினான்கு ஆண்டுகள் ஆராய்ந்து சுவாமிகள் எழுதிய அந்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1947 யூன் 5, 6 ஆந் தேதிகளிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அஃது அரங்கேறிற்று. வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று ஏட்டிற் பெயராய் மட்டும் நின்றவற்றிற்கு மீண்டும் உருவும் ஒலியும் கொடுத்த நூல் அது.

இதனை எழுதுதற்கு என்னென்ன வேண்டும்? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் எழுத்தெண்ணிப் படித்திருக்க வேண்டும். அதனைத் தந்தது பண்டிதர் பரீட்சைக்குப் படித்த படிப்பு. ஆனால் அது மட்டும் போதாது. நரம்பின் நீளத்தைப் பாதியாகக் குறைத்தால் ஓசை ஒரு தானம் உயரும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலிலிருந்து இளி பிறக்கும். இவ்வாறு ஏழிசைகளின் தொடர்பையும் எண்ணாற் கணக்கிட்டு, பழைய சூத்திரங்களோடு ஒத்துப் பார்த்தவரே அந்நூலை ஆக்கமுடியும். அக்கணக்கைத் தந்தது விஞ்ஞானப் படிப்பு. தமிழ்ப் பண்டிதர்கள் பலர் இருந்தனர். விஞ்ஞானப் பட்டதாரிகளும் பலர் இருந்தனர். இரு வாயிலிலும் நுழைந்து வந்தவர் அரியர்.

மற்றைய தொழில்களும் அவ்வாறே பயன் கொடுத்தன. ஆங்கிலப் பாடசாலையிற் பெற்ற பயிற்சி, சேக்ஸ்பியரின் நாடகங்களையும் பழந்தமிழ் நாடக இலக்கணத்தையும் அருகருகே வைத்து ஆராயும் 'மதங்க சூளாமணி'யாக மலர்ந்தது. இரசாயன டிப்ளோமா, விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பிக்கச் சொற்கள் வேண்டும் என்று நாடு தேடியபோது கைகொடுத்தது. வயலுக்கு இட்ட எரு கண்ணுக்குத் தெரியாமல் மண்ணில் மறைகின்றது. மறைந்தது கதிரில் வெளிப்படுகின்றது. கற்ற கல்வியும் செய்த தொழிலும் அத்தகையனவே.

ஆயினும் ஒன்று கேட்கலாம்: "அப்படியானால் எத்தொழிலையும் எப்பொழுதும் விட்டுச் செல்லலாமோ?" இல்லை. சுவாமிகளின் வாழ்வை உற்றுநோக்குங்கள். அதிபர் பதவியை அவர் விட்டது எளிய வேலையைத் தேடியன்று; ஊதியமே இல்லாத, நாள் முழுவதும் பிறருக்கே உரிய வாழ்வைத் தேடி. பல்கலைக்கழகப் பதவியை விட்டதும் பாடசாலைகளின் சுமையைத் தோளில் ஏற்கவே. ஒவ்வொரு முறையும் இலேசானதை விட்டுப் பாரமானதை எடுத்தார். வெறுப்பால் விடுவது வேறு. பொறுப்பால் விடுவது வேறு. தொழில் மாற நினைக்கும் இளைஞன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே: "நான் போவது சுமை குறைவதற்கா, சுமை தாங்குவதற்கா?"

அவர் தாங்கிய சுமை யாது? மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே 1929 இல் சிவாநந்த வித்தியாலயம் எழுந்தது. அக்காலத்தில் நம் பகுதிப் பிள்ளைகள் மேற்படிப்புப் படிப்பதென்றால் இடமும் பணமும் பெருந்தடைகள். கட்டடம் எழுப்பவும், ஆதரவற்ற மாணவர்க்கு உணவும் உறையுளும் கொடுக்கவும், காவியுடுத்த அறிஞர் ஒருவர் கணக்குப் புத்தகத்தோடு போராடினார். சிதம்பரத்திலிருந்தபோதும், வகுப்பு முடிந்ததும் திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, சமூகம் ஒதுக்கி வைத்த பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பேராசிரியர் பதவி அதற்குத் தடையாகவில்லை.

இனி நாம் மேலே சொன்ன குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்லாண்டுகளின் முன் ஓர் இளைஞன் நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தான். இயந்திரத் தொழில் கற்க அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. நாமோ, "அதெல்லாம் வேண்டாம் தம்பி; எழுதுவினைஞர் பரீட்சை எழுதியிருக்கிறாய், பொறுத்திரு" என்று புத்தி சொன்னோம். நம் சொல்லை மதித்து நான்கு ஆண்டு காத்திருந்தான். உத்தியோகமும் கிடைத்தது. ஆனால் இயந்திரம் ஒன்றைக் கண்டால் குழந்தைபோல் மகிழ்ந்து ஓடிய அந்தத் தம்பியை அதன்பின் நாம் காணவில்லை. இன்றும் வழியிற் கண்டால் "சுகமா ஐயா?" என்று அன்போடு விசாரிக்கின்றான். அவன் நம்மைக் கோபித்திருந்தால் நம் மனம் ஆறியிருக்கும். பெரியோர்களே! அச்சத்தை அநுபவம் என்று பெயரிட்டு இளைஞர்க்குக் கொடாதிருப்போமாக.

அடுத்து, பிரயாணம். இன்று நம் இளைஞர் பலர் கட்டாருக்கும் சவூதிக்கும் துபாய்க்கும் செல்கின்றனர். வீட்டைக் கட்டவும் தங்கையைக் கரைசேர்க்கவும் செல்லும் அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் சுவாமிகளின் யாத்திரைகளில் ஒரு பாடம் உண்டு. சென்னைக்கும் சிதம்பரத்திற்கும் இமயத்திற்கும் சென்ற அவர், ஒவ்வோரிடத்திலும் கற்றதை நம் நாட்டிற்குக் கொண்டுவந்து சேர்த்தார். வெளிநாட்டிலிருந்து பணம் வருகின்றது, நல்லது. அங்கே கற்ற தொழிற்றிறனும், நேரம் தவறாமையும், பன்னாட்டாரோடு பழகிய பண்பும் ஊருக்கு வருகின்றனவா? பணப்பெட்டியோடு அறிவுப்பெட்டியும் வரவேண்டுமன்றோ?

இன்னொன்றையும் கூறவேண்டும். இப்பகுதியிலே கோயில் மணியும் பள்ளிவாசலின் பாங்கும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. 1942 இல் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் கல்முனையிலே உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றினார். அவர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயத்திலும் இந்துக் கல்லூரியிலும் கற்றவர். இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம். சுவாமிகளோடு அவருக்கு நெருங்கிய பழக்கம் இருந்தது. முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காகக் கல்முனையிலே அவர் தொடங்கிய முயற்சி, 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. ஒரு சமூகத்தின் கல்வி விளக்கிலிருந்து அயற் சமூகம் தன் விளக்கை ஏற்றிக்கொண்டால், முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை.

பின்வந்த ஆண்டுகளிலே அயலவரிடையே கசப்பும் இரத்தமும் இருந்தன. அதனை மறைப்பதிற் பயனில்லை. ஆனால் 2024 நவம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். நிந்தவூர் மத்ரசாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகள் ஏறிவந்த உழவு இயந்திரம், இதே மாவடிப்பள்ளித் தெருவிலே வெள்ளத்தில் அள்ளுண்டது. இளங்குருத்துகளை இழந்தோம். அந்தச் செய்தி கேட்ட இரவில், அவை எவர் வீட்டுப் பிள்ளைகள், எம்மதத்துப் பிள்ளைகள் என்று கேட்டு எந்தத் தாய் அழுதாள்? பிள்ளைகள் என்றே அழுதாள். அந்த இரவின் மனம் மற்றைய நாட்களிலும் நம்மிடம் இருந்தால், அதுவே சேவை. ஆபத்தில் மட்டும் வரும் அன்பு போதாது.

இளைஞர்களே! உரையை முடிக்குமுன் நம் வேண்டுகோள் மூன்று. முதலாவது: உங்கள் தொழில் எதுவாயினும், அதற்கு அப்பால் ஒரு கல்வியை விடாது கற்றுவாருங்கள். ஆசிரியராயிருந்த மயில்வாகனனார் கற்பித்துக்கொண்டே படித்துப் பட்டதாரியானார் என்பதை மறவாதீர்கள். இரண்டாவது: வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கோ நிலையாகவோ திரும்புகிறவர், வாரத்திற்கு ஒரு மணி நேரம் இம்மன்றத்தில் தம் தொழிலை மற்றவர்க்குக் கற்றுக்கொடுக்கட்டும், மின்னிணைப்போ, கணினியோ, கட்டட வேலையோ, ஆங்கிலமோ, எதுவானாலும் சரி. மூன்றாவது: அவ்வகுப்பின் வாயிலிலே பெயரையும் மதத்தையும் கேளாதிருப்போம், கற்க விருப்பம் உண்டா என்று மட்டும் கேட்போம்.

அரங்கேற்றத்தின்போது சுவாமிகளின் உடல் தளர்ந்திருந்தது. அதன்பின் ஒன்றரை மாதமே வாழ்ந்தார். கல்லடி உப்போடையிலே தாம் எழுப்பிய வித்தியாலயத்தின் நிலத்திலேயே துயில்கொள்கின்றார். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பணி செய்தவர் ஈற்றிலே பிள்ளைகளின் பாடக்குரல் கேட்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். பல பணிகளின் ஊடே அவர் சென்ற ஒரே நெறி அதுவே. அவரை நிலைக்காதவர் என்று எவர் சொல்லுவார்?

 மன்றம் வளர்க! ஊர் ஓங்குக!