சின்னச் சொல்லில்தான் பொருள் இருக்கிறது

(நமது டிரஸ்ட் நடத்தும் விடுமுறைக்கால ஆங்கில வகுப்பின் தொடக்க நாளில் செயலாளர் ஆற்றிய உரை)



 

இந்த வகுப்பை ஏன் தொடங்குகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மாணவிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை. கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. 'ஹேண்ட் இன் யுவர் ஒரிஜினல் சர்டிஃபிகேட்ஸ் பை ஃபிரைடே' என்று அதில் இருந்தது. 'ஹேண்ட்' என்றால் கை, 'இன்' என்றால் உள்ளே. வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ்களைக் கையில் தயாராக வைத்திருக்கச் சொல்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை புரிந்துகொண்டாள். எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள்.

'ஹேண்ட் இன்' என்றால் நேரில் ஒப்படைப்பது. வெள்ளி கடந்தது. திங்கட்கிழமை விசாரித்தபோது, இடம் அடுத்த மாணவருக்குப் போய்விட்டது என்றார்கள். நாங்கள் நேரில் சென்று பேசியும் பலனில்லை.

அவள் அனுமதி பெற்றுத்தான் இதைச் சொல்கிறேன். அவள் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மின்னஞ்சலை அவள் என் போனுக்கு அனுப்பியிருந்தாள். நான் முதல் இரண்டு வரியை மட்டும் பார்த்துவிட்டு, "சரிம்மா, சர்டிஃபிகேட் எல்லாம் ரெடியா வெச்சுக்கோ" என்று பதில் போட்டுவிட்டேன். அவளுடைய தவறான புரிதலை உறுதிப்படுத்தியவன் நான்தான். இந்த ஆண்டு அவள் வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் போன ஓராண்டு போனதுதான்.

அந்த மின்னஞ்சலில் 'சப்மிட்' என்று இருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். நம் பிள்ளைகளிடம் உள்ள வேடிக்கை இதுதான். பெரிய ஆங்கிலச் சொல் தெரிகிறது. சின்னச் சொற்கள் இரண்டு சேர்ந்து வந்தால் தடுமாறுகிறார்கள்.

இதற்கு வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. 1066ஆம் ஆண்டு நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அதன்பின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி செல்வாக்குப் பெற்றது. அறிஞர்கள் வழியாக லத்தீன் சொற்களும் வந்து சேர்ந்தன. வீட்டிலும் வயலிலும் சாதாரண மக்கள் பேசிய பழைய சின்னச் சொற்களோ அப்படியே நிலைத்துவிட்டன. அதனால் ஒரே கருத்துக்கு ஏட்டில் ஒரு சொல்லும் பேச்சில் ஒரு சொல்லும் இருக்கின்றன. ஏட்டில் 'போஸ்ட்போன்', பேச்சில் 'புட் ஆஃப்'. ஏட்டில் 'கேன்சல்', பேச்சில் 'கால் ஆஃப்'. ஏட்டில் 'ரிஜெக்ட்', பேச்சில் 'டர்ன் டவுன்'. நாம் ஏட்டிலிருந்து ஆங்கிலம் கற்றவர்கள். பேச்சில் வரும் சொல் நமக்குப் பாடமாக வரவில்லை.

'புட்' என்ற ஒரே சொல்லைப் பாருங்கள். 'தே புட் ஆஃப் த மீட்டிங்' என்றால் கூட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். 'புட் அவுட் த ஃபயர்' என்றால் தீயை அணை. 'புட் ஆன் யுவர் ஹெல்மெட்' என்றால் தலைக்கவசம் அணிந்துகொள். 'ஐ கான்ட் புட் அப் வித் திஸ் நாய்ஸ்' என்றால் இந்தச் சத்தத்தை என்னால் பொறுக்க முடியாது. வினை ஒன்றுதான். பொருளை மாற்றுவது பின்னால் வரும் சின்னச் சொல்.

இங்கே அமர்ந்திருக்கும் மதரஸா மாணவர்களே, இது உங்களுக்குப் புதிதல்ல. 'ரஃகிப ஃபீ' என்றால் ஒன்றை விரும்பினான். 'ரஃகிப அன்' என்றால் அதைப் புறக்கணித்தான். ஃபிஅல் ஒன்றே, ஹர்ஃப் மாறியதும் பொருள் நேர் எதிராகிவிட்டது. அல்பகரா அத்தியாயத்தின் 130ஆம் வசனத்தை ஓதும்போது அந்த 'அன்' என்ற ஹர்ஃபைக் கவனித்தால்தான் கருத்து விளங்கும் என்று உஸ்தாத் சொல்லித் தந்திருப்பார். அதே கவனத்தை ஆங்கிலத்திலும் வையுங்கள். மதரஸாவில் ஓதியதால் ஆங்கிலத்தில் பின்தங்கிவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தப் பாடத்தின் பாதி உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

தமிழிலும் இது உண்டு. 'விட்டுக்கொடு' என்கிறோம். 'விடு', 'கொடு' இரண்டையும் தனித்தனியே அகராதியில் பார்த்தால் அந்தப் பெருந்தன்மை கிடைக்குமா? 'அவன் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை' என்றால் கண்ணில் படவில்லை என்றா பொருள்? ஆகவே இரண்டு சொல்லையும் பிரிக்காமல் ஒரே சொல்லாகக் கற்க வேண்டும்.

இனி, அதிகம் தவறு நடக்கும் மூன்று இடங்கள்.

முதலாவது, 'இட்', 'ஹிம்' போன்ற சொற்களை வைக்கும் இடம். 'ஃபில் இன் த ஃபாரம்' சரி. 'ஃபில் த ஃபாரம் இன்' என்பதும் சரி. ஆனால் 'இட்' வந்தால் நடுவில்தான் வரும்: 'ஃபில் இட் இன்'. 'ஃபில் இன் இட்' என்பது தவறு. எல்லாத் தொடரும் இப்படிப் பிரிவதில்லை. 'ஐ லுக் ஆஃப்டர் ஹர்' என்பதில் 'லுக் ஆஃப்டர்' சேர்ந்தே நிற்கும். எது பிரியும், எது பிரியாது என்பதை வாக்கியத்தோடு சேர்த்தே மனதில் பதிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே தொடர் இரண்டு பொருளில் வருவது. 'ஹிஸ் ஃபீவர் ஹாஸ் கம் டவுன்' என்றால் அவனுக்குக் காய்ச்சல் குறைந்துவிட்டது. 'ஹீ ஹாஸ் கம் டவுன் வித் ஃபீவர்' என்றால் அவன் காய்ச்சலில் விழுந்துவிட்டான். வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பற்றி அறைத் தோழர் இப்படி ஒரு செய்தி அனுப்பினால், அந்த 'வித்' என்ற ஒரு சொல்லில்தான் உம்மாவின் நிம்மதி இருக்கிறது.

மூன்றாவது, நம் நாட்டுப் பழக்கத்தில் வந்தவை. 'கோப் அப் வித்' என்கிறோம். 'கோப் வித்' என்பதே சரி. 'டிஸ்கஸ் அபவுட்' என்பதில் 'அபவுட்' தேவையில்லை. 'ஐ பாஸ்டு அவுட் இன் 2022' என்று படிப்பை முடித்ததைச் சொல்கிறோம். நம் ஊரில் இது புரியும். ஆனால் வெளிநாட்டு நேர்முகத் தேர்வில் கேட்பவர், நீங்கள் அந்த ஆண்டு மயங்கி விழுந்ததாக நினைக்கக்கூடும். 'ஐ கிராஜுவேட்டட் இன் 2022' என்று சொல்லுங்கள்.

எப்படிக் கற்பது? பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு நாளுக்கு ஒரு தொடர் போதும். அதை உங்கள் வீட்டு வாக்கியமாக எழுதுங்கள். 'ஐ கெட் அப் ஃபார் ஃபஜ்ர்'. 'மை மதர் லுக்ஸ் ஆஃப்டர் மை கிராண்ட்மதர்'. 'வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்', அதாவது அரிசி தீர்ந்துவிட்டது. 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்', இதைப் பள்ளிவாசல் வாசலில் நின்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் நடப்பதைச் சொல்லும் வாக்கியம் மறக்காது. நாற்பது நாளில் நாற்பது தொடர்கள் கைவசம் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

கடைசியாக ஒன்று. புரியாத கடிதம் வந்தால் கேட்க வெட்கப்படாதீர்கள். பெரியவர்களே, பிள்ளைகள் கொண்டுவந்தால் நாமும் கடைசி வரி வரை படிப்போம். நமது டிரஸ்ட் அலுவலகத்தில் இனி ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். யார் எந்தக் கடிதம் கொண்டுவந்தாலும் இருவர் முழுமையாகப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாளில் எழுதியும் கொடுக்க வேண்டும். அந்த இருவரில் முதல் ஆள் நான்.

அந்த மாணவி இன்று இங்கே வந்திருக்கிறாள், படிக்க அல்ல. வாரம் ஒரு நாள் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தத் தொடர்களைச் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறாள். முதல் பாடமாக எதை எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். "ஹேண்ட் இன்" என்றாள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.