மூழ்காத கப்பல்

(பழைய மாணவர் சங்கத்தின் பொன்விழாச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்காவில் இத்தனை வருஷம் பம்புத் தொழிலில் இருந்தாயே, அதைப் பற்றிப் பேசு" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்கு முந்திய நேரத்தில் பம்பு பற்றிப் பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். மீதிப் பேர் பழைய ஞாபகத்தில் வகுப்பைவிட்டு நழுவிவிடுவீர்கள். ஆகவே, எப்போதோ மூடிவிட்ட ஒரு பொழுதுபோக்குச் சவாரியைப் பற்றிப் பேசப் போகிறேன். இதிலும் தண்ணீர் உண்டு, பம்பு உண்டு, பயப்பட வேண்டாம்.

நாங்கள் இந்தக் கல்லூரியில் சேர்ந்தது 1971-இல். அதே ஆண்டு அக்டோபர் மாதம் முதல் தேதி அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து, 14-ஆம் தேதி, அங்கே ஒரு நீர்மூழ்கிக் கப்பல் சவாரியும் தொடங்கியது. ஜூல் வெர்ன் எழுதிய 'கடலடியில் இருபதாயிரம் லீக்' நாவலையும், அதைத் தழுவி 1954-இல் டிஸ்னி எடுத்த படத்தையும் வைத்து அமைத்த சவாரி அது. படத்துக்காக ஹார்ப்பர் கோஃப் வரைந்த நாட்டிலஸ் கப்பலின் உருவத்திலேயே பன்னிரண்டு கப்பல்கள் கட்டினார்கள். முதுகில் ரம்பம் போலப் பற்கள், முகத்தில் இரண்டு பெரிய கண்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கப்பலா, கடல் மிருகமா என்று சந்தேகம் வரும்.

அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்போது நான் விடுதியில், தலைக்குமேல் ஓடாத மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தேன். ஆனால் அந்த நாவலைத் தெரிந்த ஒருவன் அடுத்த கட்டிலில் படுத்திருந்தான். அவனைத் தெரியாதவர் எங்கள் வகுப்பில் கிடையாது. 'கேப்டன்' என்றால் போதும்.

கேப்டன் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். அவன் தாத்தா முத்துக் குளித்தவர். நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த அந்த நாவலை எடுத்து வந்து இரவு முழுக்கப் படித்துவிட்டு, விடியற்காலையில் என்னை உலுக்கி எழுப்பினான்.

"ஏலே, எந்திரிலே! நம்ம ஊருக் கடலு இந்தப் புத்தகத்துல இருக்குலே!"

உண்மைதான். கதையில் கேப்டன் நீமோ மன்னார் வளைகுடாவின் முத்துப் படுகைக்கு வருகிறார். ஏழை முத்துக் குளிப்பவன் ஒருவனைச் சுறா தாக்குகிறது. நீமோ கத்தியோடு பாய்ந்து அவனைக் காப்பாற்றி, கையில் ஒரு பை முத்தும் கொடுத்து அனுப்புகிறார். உலகத்தையே வெறுத்துக் கடலுக்கடியில் வாழும் மனிதர், முகம் தெரியாத ஓர் ஏழைக்காக உயிரைப் பணயம் வைக்கிறார். அதன் காரணம் வெர்னின் இன்னொரு நாவலான 'மர்மத் தீவி'ல்தான் தெரியவருகிறது. நீமோ ஓர் இந்தியர்! புந்தேல்கண்டின் இளவரசர் டக்கார், திப்பு சுல்தானின் உறவினர், 1857 கிளர்ச்சியில் போரிட்டுத் தோற்றவர் என்று கதை சொல்கிறது. டிஸ்னி படத்தில் அந்த வேடத்தில் நடித்தவர் ஜேம்ஸ் மேசன் என்ற ஆங்கிலேயர். இந்தச் செய்தி தெரிந்த அன்று கேப்டன் மெஸ்ஸில் சாம்பார் வாளியை வைத்துக்கொண்டு நடத்திய கண்டனக் கூட்டம் என் தோழர்களுக்கு நினைவிருக்கும்.

1985-இல் நான் வேலைக்காக ஃப்ளோரிடா போனேன். அடுத்த வருஷம் மனைவியையும் ஐந்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு அந்தச் சவாரிக்குப் போனேன். குறுகலான படிக்கட்டில் கப்பலுக்குள் இறங்கினோம். முதுகோடு முதுகாக இரண்டு வரிசை இருக்கைகள். ஒவ்வொருவர் முகத்துக்கு எதிரிலும் ஒரு வட்டக் கண்ணாடி ஜன்னல். கப்பல் நகர்ந்தது. திடீரென்று கண்ணாடிக்கு வெளியே வெள்ளைவெளேரென்று நீர்க்குமிழிகள் மேலே பாய்ந்தன. "அப்பா, நாம முழுகுறோம்!" என்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். பொறியியல் படித்தவன் அல்லவா, வாய் சும்மா இருக்குமா? "கண்ணு, இது முழுகல. நாம உட்கார்ந்திருக்கிற இடமே தண்ணி மட்டத்துக்குக் கீழேதான் இருக்கு. கப்பலோட மேல்பாகம் எப்பவும் வெளியேதான் நிக்கும். காத்தைக் குழாய் வழியா விட்டுக் குமிழி வரவைக்கிறாங்க. கீழே தண்டவாளம் இருக்கு, அதைப் பிடிச்சுக்கிட்டுப் போகுது" என்று பாடம் நடத்தினேன். வெளியே பவளப்பாறை, ஆமை, உடைந்த கப்பல்கள், துருவப் பனிப்பாறை, மூழ்கிப்போன அட்லாண்டிஸ் நகரம் என்று ஒவ்வொன்றாக வந்தன. நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் மறைத்துக் கட்டியிருக்கும் இருட்டுக் கட்டடத்துக்குள் கப்பல் நுழைந்ததும், "ஆழ்கடல்னு சொல்றாங்களே, அது இந்தக் கட்டடம்தான்" என்றேன்.

மகள் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "அப்பா, பேசாம பாருங்கப்பா" என்றாள்.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த தொழில்நுட்ப ஆலோசனை அதுதான் என்றால் மிகையாகாது. ஆனால் அதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

சவாரியைப் பற்றிக் கேப்டனுக்கு விவரமாகக் கடிதம் எழுதினேன். பதில் ஒரே வரியில் வந்தது: "முத்துக் குளிக்கிறவன் வாரானா?" வரவில்லை என்று எழுதினேன். "பரவாயில்ல, நான் வந்து குளிச்சுக்கிடுதேன், எனக்கு ஒரு ஜன்னல் வை" என்று எழுதினான்.

1992-இல் அவன் கம்பெனி அவனைப் பயிற்சிக்கு அமெரிக்கா அனுப்பியது. இரண்டு நாள் என் வீட்டில் தங்கினான். பூங்காவுக்கு அழைத்துப் போனேன். விடுமுறைக் காலம், வரிசை நீளம். அவன் நிற்கத் தயார். பொறுமை இல்லாதது எனக்குத்தான். "டேய், இது குழந்தைகளுக்கான சமாச்சாரம். முழுகவே முழுகாது. அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கலாம்" என்று இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டேன். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அடுத்த தடவை வந்தது. 1994 டிசம்பர். ஆனால் அந்த ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதியே சவாரி நின்றிருந்தது. தற்காலிகமாக மூடியிருப்பதாகத்தான் சொன்னார்கள். கடைசி நாள் என்ற அறிவிப்பு இல்லை, விழா இல்லை. அன்று கடைசிக் கப்பலில் போனவர்களுக்கே அது கடைசிக் கப்பல் என்று தெரியாது. கேப்டன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அந்த ஏரியைப் பார்த்தபடி நின்றான். "தண்ணி கெடக்கு. ரிப்பேரு பாத்து ஓட்டுவானுவ, இல்லையால?" என்றான். "நிச்சயமா. அடுத்த தடவை" என்றேன். இரண்டாவது முறையாக அதே சொல்.

1996-இல், இனித் திறக்கப்போவதில்லை என்று அறிவித்தார்கள்.

மாணவர்களே, ஏன் மூடினார்கள் என்று நீங்கள் கேட்க வேண்டும். அந்த ஏரியின் கொள்ளளவு 1 கோடியே 15 லட்சம் கேலன், அதாவது ஏறத்தாழ 4 கோடியே 35 லட்சம் லிட்டர். தண்ணீருக்கு அடியில் இருக்கும் எந்தப் பொருளிலும் பெயிண்ட் நிலைக்காது. மீனுக்கும் பவளத்துக்கும் சாயம் போகும், இரும்பு துருப்பிடிக்கும். சரியாகப் பழுதுபார்க்க வேண்டுமென்றால் ஏரியையே வடிக்க வேண்டும். செங்குத்தான படியில் ஒவ்வொருவராக இறங்கி ஏற வேண்டியிருந்ததால் ஆட்களை ஏற்றி இறக்கவே நேரம் பிடித்தது. சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே போக வழியில்லை. இதையெல்லாம் கணக்குப் பார்க்கிறவர் முன்னால், ஐந்து வயதுக் குழந்தை கையைப் பிடித்துக்கொண்டதற்கு எந்தக் கட்டத்தில் மதிப்பு எழுதுவது? நான் நிர்வாகத்தைக் குறை சொல்லவில்லை. நானும் என் தொழிலில் எத்தனையோ நல்ல பம்புகளை இப்படிக் கணக்குப் பார்த்துக் கழித்துக்கட்டியவன்தான்.

'உண்மையிலேயே முழுகியிருந்தால் பிழைத்திருக்கும்' என்றும் நினைக்காதீர்கள். கனடாவில் எட்மண்டன் நகரத்துப் பெரிய வணிக வளாகம் ஒன்றில் 1980-களில் நான்கு நீர்மூழ்கிகள் விட்டார்கள். அவை நிஜமாகவே முழுகின. அப்போது கனடா நாட்டுக் கடற்படையிடம் இருந்ததே மூன்றுதான்! 2005-இல் அவையும் நின்றன.

கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1959-இல் தொடங்கிய மூத்த சவாரியும் 1998-இல் மூடப்பட்டது. ஆனால் அதற்கு வேறு விதி. விடாமல் முயன்றவர்கள் உள்ளேயே இருந்தார்கள். டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு, அதே எட்டுக் கப்பல்களுக்கு மின்சார மோட்டார் பொருத்தி, 2007-இல் 'ஃபைண்டிங் நீமோ' கதையோடு மறுபடியும் ஓடவிட்டார்கள். ஃப்ளோரிடாவின் ஏரியோ பத்து வருஷம் சும்மா கிடந்து, 2004-இல் தூர்க்கப்பட்டது. அந்தப் பகுதியில் 2012-இல் கடற்கன்னிச் சவாரி ஒன்று வந்தது. அதன் பாறைச் சுவரில் யாரோ ஒரு கலைஞர் சிறியதாக நாட்டிலஸின் உருவத்தைப் பதித்து வைத்திருக்கிறார். தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

நாட்டிலஸ் கப்பல்களில் பெரும்பாலானவை அழிந்தன. இரண்டை மட்டும் பஹாமாஸ் பக்கத்தில் டிஸ்னி கப்பல்கள் நிற்கும் தீவில், முகமூடி போட்டுக்கொண்டு நீந்துகிறவர்கள் பார்ப்பதற்காகக் கடலில் இறக்கினார்கள். 1999-இல் நானும் மனைவியும் அங்கே போனோம். தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பார்த்தேன். கீழே அந்த ரம்பப் பற்களும் பெரிய கண்களும். ஜன்னல் வழியாக மீன்கள் போய் வந்துகொண்டிருந்தன. பெயிண்ட் அடித்த மீன்கள் இல்லை, நிஜ மீன்கள். ஓடின காலமெல்லாம் மூழ்காத கப்பல், ஓய்ந்த பிறகுதான் மூழ்கியிருந்தது. பக்கத்தில் நீந்திய மனைவி ஏதோ சைகை செய்தாள். நான் எதையும் விளக்கவில்லை. பேசாமல் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேப்டனுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தான். "கடைசியில முழுகிட்டாளா? நல்ல சாவுலே அது" என்றான். 'மர்மத் தீவு' கதையில் நீமோவும் தன் கப்பலோடுதான் கடலுக்குள் போகிறார். அவன் அதை நினைத்துத்தான் சொல்லியிருப்பான். "நீ வாடா, சேர்ந்து நீந்திப் பார்ப்போம்" என்றேன். "வாரேம்லே" என்றான்.

2003-இல் கேப்டன் போய்விட்டான். மாரடைப்பு. நான் ஊருக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இன்று நம் வகுப்பின் நாற்காலிகளில் காலியாக இருப்பவற்றில் ஒன்று அவனுடையது.

அந்தச் சவாரி மூடியதற்காக நான் வருத்தப்படுகிறேன் என்று பலர் நினைப்பார்கள். இல்லை. எந்த இயந்திரமும் ஒருநாள் நிற்கும். 1992-இல் அது ஓடிக்கொண்டிருந்தது, அவனும் என் பக்கத்தில் நின்றான், வரிசையும் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்கு நான் 'அடுத்த தடவை' என்றேன். அதற்குத்தான் வருந்துகிறேன். நூறு பேருக்கு ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்று தெரியலாம். அது இன்னொருவனுக்கு எவ்வளவு பெரிது என்று தெரிந்துகொள்ளத்தான் பக்கத்தில் நண்பன் என்று ஒருவன் இருக்கிறான். எனக்கு முதலாவது தெரிந்தது, இரண்டாவது தெரியவில்லை.

அறிவுரை சொல்லி முடித்தால் இந்த மேடைக்கு அழகல்ல என்பதால், ஓர் அழைப்போடு முடிக்கிறேன். நம் ஹைட்ராலிக்ஸ் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பழைய பெல்ட்டன் சக்கரம் இன்னும் இருக்கிறது. நானும் கேப்டனும் சேர்ந்து மூன்று முறை தப்பாக அளவெடுத்த அதே சக்கரம். அடுத்த வருஷம் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று முதல்வர் சொன்னார். கட்டட்டும், மாணவர்களுக்கு அது தேவை. ஆனால் இன்று மாலை நாலு மணிக்கு அதை ஒருமுறை ஓட்டிக் காட்டுவதாக ஆய்வுக்கூடத்து உதவியாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மாணவர்களும் வாருங்கள். யாரும் அதன் செயல்திறனைக் கணக்குப் போட வேண்டாம். தண்ணீர் பாய்ந்து சக்கரம் சுற்றுவதைப் பேசாமல் பார்ப்போம்.

'அடுத்த சந்திப்பில் பார்த்துக்கலாம்' என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.